விழுந்த கமராவும் திருத்தப்பட்ட வில்லையும்: ஒளியியற் செம்மை பற்றிய ஒரு விளக்கம்

வீடியோக் கமரா இன்று ஆய்வாளரின் குறிப்பேட்டுக்கு ஈடான கருவியாகிவிட்டது. கூத்து மரபுகளை ஆவணப்படுத்துவோரும், வாய்மொழி வரலாற்றைத் தொகுப்போரும், ஏட்டுச் சுவடிகளைப் படமாக்குவோரும் இதனையே பெரிதும் நம்பியுள்ளனர். கருவியின் உறுப்புகளுள் அடிபட்டால் மிக எளிதில் செம்மை குலைவது அதன் வில்லைத்தொகுதியாகும். களப்பணியிற் கமரா கைதவறி விழுவதோ, தாங்கியோடு சரிவதோ அரிதான நிகழ்ச்சியன்று.

விழுந்த கமரா முற்றாகச் செயலிழந்துவிடின் தீங்கு ஓரளவே. வேறொரு கமராவைத் தேடிக்கொள்வோம். திருத்தகத்திலிருந்து மீண்டு வந்த கமரா இயங்குகின்றது, ஆயின் செம்மையாக இயங்கவில்லை என்ற நிலையே பெருந்தீங்கு விளைப்பது. கமராவின் சிறு காட்டித்திரையில் இக்குறை தெரிவதில்லை. பதிவு முடிந்து, பெரிய திரையிற் பார்க்கும்போதுதான் படத்தின் ஒரு பக்கம் மங்கியிருப்பதும், அகன்ற காட்சிகள் யாவும் குவியம் தவறியிருப்பதும் புலப்படும். முதிய அண்ணாவியார் ஒருவர் ஆடிக்காட்டிய வரவாட்டம் இரண்டாம் முறை கிடைக்குமென்பதற்கு உறுதியில்லை. எனவே, வில்லைக்கு அடிபட்டால் என்ன நிகழ்கின்றது, திருத்தம் உண்மையில் நிறைவுற்றதா என்பதை எவ்வாறு அறிவது, திருத்தும் அறிவு யாரிடம் உள்ளது ஆகிய மூன்று வினாக்களை இக்கட்டுரையில் நோக்குவோம்.

1. வில்லைத்தொகுதியின் அமைப்பு

வீடியோக் கமராவின் ‘வில்லை’ எனப்படுவது தனியொரு கண்ணாடியன்று. மரபான சூம் வில்லையொன்று நான்கு கூட்டங்களைக் கொண்டது. முன்னுள்ள கூட்டம் பொருளின் தூரத்துக்கேற்பக் குவியத்தைச் செப்பஞ் செய்கின்றது. இரண்டாவது கூட்டம் முன்பின்னாக நகர்ந்து குவியத்தூரத்தை மாற்றுகின்றது. அவ்வாறு நகரும்போது விம்பத்தளம் இடம்பெயராதவாறு மூன்றாவது கூட்டம் ஈடுசெய்கின்றது. இறுதிக் கூட்டம் விம்பத்தை உணரியின் மீது விழுத்துகின்றது. நகரும் இரு கூட்டங்களும் ஓர் உருளையிற் செதுக்கப்பட்ட வளைந்த காடிகளினூடே, சிறு உருளிகளின் வழிகாட்டலில் இயங்குகின்றன. ஒவ்வொரு கண்ணாடியும் தன் அச்சுப் பொதுவச்சோடு ஒன்றுமாறும், குறித்த இடைவெளியிலும், திருகு வளையங்களாலும் மெல்லிய தகட்டு வளையங்களாலும் நிறுத்தப்பட்டிருக்கும்.

இவற்றின் பின்னால் மற்றுமோர் அளவு உண்டு. வில்லை கமராவிற் பொருந்தும் முகத்துக்கும் விம்பத்தளத்துக்கும் இடையிலான தூரமே அது. சிறு திரைப்படக் கமராக்களுக்கும் கண்காணிப்புக் கமராக்களுக்கும் வழங்கும் ‘சி’ பொருத்தில் இது 17.526 மி.மீ.; ஒளிபரப்புக் கமராக்களின் ‘பி4’ பொருத்தில் வளியில் 48.00 மி.மீ. தசமத்தின் பின் இத்தனை இலக்கங்கள் எழுதப்படுவதற்குக் காரணம் உண்டு. உணரி இருக்கவேண்டிய இடத்திலிருந்து எவ்வளவு விலகலாம் என்பது, ஒளித்துவாரத்தின் எஃப்-எண்ணைப் பொறுத்துக்கொள்ளத்தக்க மங்கல் வட்டத்தின் விட்டத்தாற் பெருக்கினாற் கிடைக்கும். எஃப்-எண் 2 ஆகவும், மங்கல் வட்டம் 0.01 மி.மீ. ஆகவும் இருப்பின் இது முன்பின்னாக 0.02 மி.மீ. மட்டுமே. மனிதத் தலைமயிரின் தடிப்பில் இது மூன்றிலொரு பங்கிலும் குறைவு. இத்தகைய நுண்மையைத்தான் ஒரு வீழ்ச்சி குலைக்கின்றது.

2. வீழ்ச்சியின் பௌதிகம்

ஒரு மீற்றர் உயரத்திலிருந்து விழும் பொருள் செக்கனுக்கு ஏறத்தாழ 4.4 மீற்றர் வேகத்தில் நிலத்தை அடைகின்றது. இவ்வேகம் பெரிதன்று. ஆனால் அது எத்தனை தூரத்தில் அழிகின்றது என்பதே முக்கியம். சீமெந்துத் தரையில் விழுந்த கமரா ஒரு மில்லிமீற்றர் நசிந்து நிற்குமாயின், சராசரி அமர்முடுகல் புவியீர்ப்பின் ஆயிரம் மடங்காகும். உள்ளே 100 கிராம் நிறையுள்ள வில்லைக் கூட்டமொன்று அக்கணத்தில் 100 கிலோகிராம் பாரம்போலத் தன் உருளிகளை அழுத்துகின்றது. புற்றரையிலோ தடித்த பையினுள்ளோ 5 சதமமீற்றர் தூரத்தில் வேகம் அழியுமாயின் இது இருபது மடங்காகக் குறைந்துவிடும். மெத்தையிட்ட பை அலங்காரமன்று என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

கண்ணாடி உடைவது இவ்விபத்துகளில் நிகழக்கூடியவற்றுள் ஒன்றே. உருளிகள் நசிதல், அவை காடியின் விளிம்பிற் பள்ளம் பதித்தல், திருகு வளையம் தளர்தல், பொருத்து முகம் வளைதல், முன்னுள்ள வடிகட்டி வளையம் நெளிதல், மோட்டாரின் பற்சில்லுகள் முறிதல், நாடாக் கம்பி கிழிதல் ஆகியன பெரிதும் நிகழ்கின்றன. வெளித்தோற்றத்தில் ஒரு கீறலுமின்றி உள்ளே யாவும் குலைந்திருக்கலாம். மறுதலையாக, முன் மறைப்பும் வடிகட்டியும் நொறுங்கி, அவ்வாறு நொறுங்கியதனாலேயே வில்லையைக் காத்திருக்கவுங் கூடும்.

விழுந்தவுடன் சிலவற்றைச் செய்யாதிருத்தல் நன்று. சூம் வளையம் சிக்கிக்கொண்டால் அதனை வலிந்து திருப்பலாகாது. வில்லைப் பிழையென்ற அறிவிப்புத் தோன்றினால் மின்னைத் திரும்பத் திரும்பச் செலுத்திப் பார்க்கலாகாது. சிறு கமராக்கள் இயங்கத் தொடங்கும் ஒவ்வொரு முறையும் வில்லைக் கூட்டங்களைத் தொடக்க நிலைக்கு இட்டுச்செல்ல முயல்கின்றன. வளைந்த தண்டின் மீது மோட்டார் மோத மோதப் பற்சில்லுகள் தேய்ந்து, சிறு பழுது பெரும் பழுதாகின்றது.

3. பின்குவியம் தவறுதல்

தொழினுட்பவியலாளர் ‘பாக் ஃபோகஸ்’ என வழங்கும் பின்குவியம் தவறுதலே அடிபட்ட சூம் வில்லைகளில் அடிக்கடி காணப்படும் குறை. அதன் அடையாளம் தெளிவானது. பொருளை அண்மையாக்கிக் குவியஞ் செய்தால் படம் கூர்மையாக இருக்கும். அவ்விடத்தில் மாற்றமேதும் செய்யாது காட்சியை அகலமாக்கினாற் படம் மங்கிவிடும்.

இஃது ஏன் நிகழ்கின்றது? வில்லையின் இருப்பு உணரியிலிருந்து 0.1 மி.மீ. விலகியிருப்பதாகக் கொள்வோம். குவியத்தூரம் மிகுந்த நிலையில் முன் கூட்டத்தைச் சிறிது நகர்த்தி இப்பிழையை மறைத்துவிடலாம். ஆனால் முன் கூட்டத்தின் நகர்வு விம்பத்தளத்தில் ஏற்படுத்தும் இடப்பெயர்ச்சி குவியத்தூரத்தின் வர்க்கத்துக்கு விகிதசமமானது. 160 மி.மீ. நிலையில் 0.1 மி.மீ. பிழையைச் சரிக்கட்டிய அதே நகர்வு, 8 மி.மீ. நிலையில் அதன் நானூறிலொரு பங்கை மாத்திரமே சரிக்கட்டும். எஞ்சிய பிழை அவ்வாறே நின்று அகன்ற காட்சியை மங்கலாக்கும். ஆகவே ‘அண்மையிற் கூர்மை, அகலத்தில் மங்கல்’ என்பது பின்குவியப் பிழையின் கையொப்பமாகும்.

இதனைச் சரிசெய்யும் முறையும் இதே தருக்கத்திலிருந்து பிறக்கின்றது. மையத்திலிருந்து ஆரைகள் விரியும் நட்சத்திர அட்டையொன்றைச் சில மீற்றர் தூரத்தில் நிறுத்துக. ஒளியைக் குறைத்தோ சாம்பல் வடிகட்டி இட்டோ ஒளித்துவாரத்தை முற்றாகத் திறக்குக. துவாரம் சிறுத்திருப்பின் பிழை ஒளிந்துகொள்ளும். முற்றாக அண்மையாக்கி முன்வளையத்தாற் குவியஞ் செய்க. பின் முற்றாக அகலமாக்கிப் பின்குவிய வளையத்தாற் கூர்மையாக்குக. முன்வளையத்தை அகல நிலையிலும், பின்வளையத்தை அண்மை நிலையிலும் தொடலாகாது. இரு நிலைகளிலும் கூர்மை மாறாதிருக்கும்வரை இதனை மீண்டும் மீண்டும் செய்து, இறுதியிற் பூட்டாணியை இறுக்குக. ஒளிபரப்புவகை வில்லைகளில் இவ்வளையம் வெளியிலேயே உள்ளது. சிறு கமராக்களிலோ இவ்வளையமே இல்லை. அது பற்றிப் பின்னர் நோக்குவோம்.

4. அச்சுவிலகலும் சாய்வும்

பின்குவியப் பிழை படம் முழுவதையும் ஒரே சீராகத் தாக்கும். கண்ணாடியொன்று பொதுவச்சிலிருந்து பக்கவாட்டில் விலகினாலோ, சாய்ந்தாலோ தோன்றும் குறை சீரற்றது. சாய்வின் விளைவாக விம்பத்தளமே சரிந்துவிடுவதால் படத்தின் இடப்புறம் கூர்மையாகவும் வலப்புறம் மங்கலாகவும் அமையும். பக்க விலகலினால் படத்தின் மையத்திலுள்ள ஒளிப்புள்ளிகளுக்குங் கூட வால்வெள்ளி போன்ற ஒருபக்க வால் முளைக்கும். செம்மையான வில்லையில் இவ்வால் மையத்தில் ஒருபோதும் தோன்றாது. நிற ஓரங்கள் விளிம்புகளில் மட்டுமன்றி மையத்திலும் ஒரு பக்கமாகத் தோன்றுவதும் இதன் மற்றோர் அடையாளம். மூவுணரிக் கமராக்களிலோ, அடியினால் ஓர் உணரி அரியத்திலிருந்து இடம்பெயர்ந்திருந்தாலும் நிற ஓரம் தோன்றும். அவ்வழி அது படம் முழுவதும் ஒரே அளவாகவும், சூம் நிலை எதுவாயினும் மாறாமலும் இருக்கும்.

இதனைச் சோதிக்க ஆய்வுகூடம் வேண்டியதில்லை. பத்திரிகைத் தாள்களைச் சுவரில் ஒட்டிக் கமராவை அதற்கு நேரே நிறுத்தலாம். சுவருக்குச் செங்குத்தாகக் கமரா நிற்பதை உறுதிசெய்ய, சுவரோடு ஒட்டி ஒரு தட்டைக் கண்ணாடியைப் பிடிக்க வேண்டும். கமரா தன் வில்லையின் பிரதிபலிப்பைப் படத்தின் மையத்திற் கண்டால் நிலை சரியானது. துவாரத்தை முற்றாகத் திறந்து நான்கு மூலைகளையும் பதிவுசெய்து பெரிய திரையில் ஒப்பிடுக. ஒரு பக்கம் மங்கியிருப்பின், கமராவைத் தலைகீழாக்கி மீண்டும் பதிவுசெய்க. சுவரின் அதே பகுதியே மங்கியிருந்தாற் குறை நிறுத்திய முறையில் உள்ளது. மங்கல் கமராவோடு சேர்ந்து சுவரின் மறுபக்கம் சென்றாற் குறை கமராவில் உள்ளது. வாதத்துக்கு இடமில்லாத சோதனை இது. திருத்தகத்தில் வெறும் சொல்லாற் கூறும் முறைப்பாட்டிலும் இத்தகைய இரு பதிவுகள் வலிமை வாய்ந்தவை.

விம்பத்தை நிலைநிறுத்தும் பொறியுள்ள வில்லைகளில் ஒரு கூட்டம் பக்கவாட்டில் மிதந்து அசையுமாறு அமைக்கப்பட்டுள்ளது. மின் இல்லாதபோது அது உள்ளே கலகலத்தல் பல கமராக்களில் இயல்பே. அதனைப் பழுதென எண்ணி மருளவேண்டியதில்லை. தாங்கியின் மீது அசையாது நிறுத்திய நிலையிற் படம் தானாக நகர்வதும், நிலைநிறுத்தியை இயக்கியதும் ஒரு பக்கம் மங்குவதுமே பழுதின் குறிகள்.

5. கீறலும் மேற்பூச்சும்

முன் கண்ணாடியிற் கீறல் விழுந்ததும் வில்லையே போயிற்றென வருந்துவோர் பலர். கணக்கிட்டுப் பார்ப்போம். 80 மி.மீ. விட்டமுள்ள முன் கண்ணாடியின் பரப்பு ஏறத்தாழ 5,000 சதுர மி.மீ. 5 மி.மீ. நீளமும் 0.1 மி.மீ. அகலமுமான கீறல் அதிற் பத்தாயிரத்தில் ஒரு பங்கு. முற்றாக அண்மையாக்கித் துவாரத்தைத் திறந்த நிலையில், விம்பத்தின் ஒவ்வொரு புள்ளிக்கும் அக்கண்ணாடியின் பெரும்பகுதி ஒளி தருவதால் இக்கீறல் தெரியாது. ஆனால் 8 மி.மீ. குவியத்தூரத்தில் எஃப்-எண் 8 ஆகும்போது ஒளி நுழையும் துவாரத்தின் விட்டம் 1 மி.மீ. மட்டுமே. ஒவ்வொரு புள்ளிக்குமான ஒளிக்கற்றை இப்போது குண்டூசித் தலையளவே ஆதலின், கீறல் அக்கற்றையில் எட்டிலொரு பங்கை மறைக்கக்கூடும். வெயிலில் எடுத்த அகன்ற காட்சியில் மட்டும் ஒரு மங்கல் தோன்றுவதன் காரணம் இதுவே. பின் கண்ணாடியிற் கற்றை எப்போதும் ஒடுங்கியிருப்பதால் அங்குள்ள கீறல் மேலும் தீங்கானது.

மேற்பூச்சைப் பற்றியும் ஒரு சொல். பூச்சற்ற கண்ணாடியின் ஒவ்வொரு முகமும் ஒளியில் ஏறத்தாழ 4 சதவீதத்தைத் தெறிக்கச் செய்கின்றது. 40 முகங்களுள்ள சூம் வில்லையொன்று பூச்சின்றி அமைந்தால், ஐந்திலொரு பங்கு ஒளியே உணரியை அடையும். எஞ்சியதில் ஒரு பகுதி உள்ளே அலைந்து படத்தை வெளிறச் செய்யும். முகமொன்றின் தெறிப்பை அரைச் சதவீதமாகப் பூச்சுக் குறைத்தால் ஐந்தில் நான்கு பங்கு கடந்துவிடும். கீறலை ‘மெருகேற்றிப் போக்குகிறோம்’ என்போர் இப்பூச்சையும் சேர்த்தே போக்கிவிடுகின்றனர். சிறு கீறலை அவ்வாறே விட்டுவிடுதலே பெரும்பாலும் தக்கது. திறந்து பூட்டிய வில்லையினுள் தூசியும் ஈரமும் புகுந்திருப்பின், எமது ஈரவெப்பச் சூழலிற் பூஞ்சணம் படரும். அது சுரக்கும் அமிலங்கள் பூச்சையும் கண்ணாடியையும் அரிக்கும். திருத்தி வந்த கமராவைச் சிலிக்கா ஜெல் இட்ட இறுகிய பெட்டியில் வைப்பதும், சில மாதங்களின் பின் விளக்கொளியில் உள்நோக்குவதும் வேண்டற்பாலன.

6. பழுது வில்லையிலா?

படம் கெட்டதெல்லாம் வில்லையால் அன்று. 1969 ஆம் ஆண்டு நவம்பர் 19 ஆம் திகதி அப்பொலோ 12 பயணத்தின்போது, சந்திரத்தரையில் அலன் பீன் நிறத் தொலைக்காட்சிக் கமராவை அதன் தாங்கிக்கு மாற்றிய வேளையில் அது சூரியனை நோக்கித் திரும்பியது. சில கணங்களிற் படம் அழிந்தது. சுத்தியலால் தட்டிப் பார்த்தும் பயனில்லை. வில்லை சூரியனின் விம்பத்தை மிகச் செம்மையாகவே விழுத்தியது; அச்செம்மையே பின்னாலிருந்த படக்குழாயின் ஒளியுணர் தளத்தை எரித்துவிட்டது. பின்னைய பயணங்களில் வில்லைக்கு மூடி வழங்கப்பட்டது. 1971 இல் அப்பொலோ 15 முதல் கடும் ஒளியைத் தாங்கவல்ல குழாய் பயன்பட்டது.

இந்நிகழ்ச்சி தரும் பாடம், பழுதின் இடத்தை முதலில் அறிக என்பதே. படம் மங்கியிருக்கத் திரையிலுள்ள எழுத்துகள் தெளிவாயிருப்பின் குறை ஒளியியலில் அல்லது உணரியில் உள்ளது. எழுத்துகளும் மங்கினாற் காட்டித்திரையை ஐயுறுக. கறையொன்று சூமையும் குவியத்தையும் மாற்றியும் அசையாது நின்று, துவாரம் சிறுக்கச் சிறுக்கக் கூர்மையடைந்தால் அது உணரியின் மேலுள்ள தூசி. சூமோடு சேர்ந்து பருத்தும் சிறுத்தும் காட்டினால் அது வில்லையினுள் உள்ளது. பழைய பதிவொன்றை அதே கமராவில் ஓட்டிப் பார்ப்பதும் பலவற்றைத் தெளிவாக்கும்.

7. அளவுகோலின் செம்மை

திருத்தியவர் தம் சோதனைக் கருவியில் யாவும் சரியெனக் கூறலாம். அக்கருவி சரியானதா? ஒளியியல் வரலாற்றில் இவ்வினாவுக்கு மிகப் பெரிய விலை கொடுத்த எடுத்துக்காட்டு ஹபிள் விண்தொலைகாட்டி. 1990 ஏப்ரிலில் விண்ணிற் செலுத்தப்பட்ட இதன் 2.4 மீற்றர் ஆடி, விளிம்பில் ஏறத்தாழ 2 மைக்கிரோமீற்றர் கூடுதலாகத் தேய்க்கப்பட்டிருந்தமை பின்னரே தெரியவந்தது. தேய்த்தோரின் கைத்திறன் குறையுடையதன்று; சோதனைக் கருவியில் ஒரு வில்லை 1.3 மி.மீ. இடம் தவறிப் பொருத்தப்பட்டிருந்தது. அப்பிழையான அளவுகோலுக்கு ஆடி மிகத் துல்லியமாகப் பொருந்தியது. எளிமையான வேறு சோதனைகள் பிழையைக் காட்டியபோதும், அவை நுண்மை குறைந்தவை எனத் தள்ளப்பட்டன. 1993 டிசெம்பரில் விண்வெளிவீரர் அங்கு சென்று ஈடுசெய்யும் ஒளியியலைப் பொருத்தியபின்பே தொலைகாட்டி தன் கூர்மையைப் பெற்றது.

நுண்கருவியின் தீர்ப்பும் பத்திரிகைத் தாளின் தீர்ப்பும் முரண்பட்டால், தாளை எளிதிற் புறக்கணிக்கலாகாது. கமராவை வாங்கிய அன்றே இச்சோதனைகளைச் செய்து, அப்பதிவைக் கருவியின் பிறப்புச் சான்றாகப் பேணுதல் வேண்டும். ஒப்பிடுதற்குப் பழைய பதிவு இல்லாவிடில், விபத்தின் விளைவு எது, ஆலையிலிருந்து வந்த இயல்பான குறை எது எனப் பிரித்தறிய வழியில்லை.

8. திருத்தும் அறிவு யாருடையது?

பழைய ஒளிபரப்பு வில்லையில் திருத்தத்தக்கன யாவும் திருகாணியாகவும் வளையமாகவும் கண்முன் இருந்தன. பிற்காலச் சிறு கமராக்களிலோ, சூம் நகரும்போது குவியக் கூட்டம் எங்கு நிற்கவேண்டும் என்ற வளைகோடு, ஒவ்வொரு கமராவுக்கும் தனித்தனியே அளக்கப்பட்டு அதன் நினைவகத்தில் எழுதப்படுகின்றது. வில்லைத்தொகுதி முழுவதையும் புதிதாக மாற்றினாலும், அத்தரவை மீண்டும் அளந்து எழுதாவிடிற் பழைய வளைகோட்டின்படியே கமரா இயங்கும். சூம் செய்யுந்தோறும் குவியம் தவறும். ‘புதிய வில்லை போட்டும் மங்குகிறதே’ என்ற முறைப்பாட்டின் பின்னணியில் அடிக்கடி இதுவே உள்ளது. அத்தரவை எழுதும் மென்பொருளும் திருத்தக் கையேடும் உற்பத்தியாளரின் காவலில் உள்ளன. கைத்திறன் குன்றாத தொழிலாளியும் திறவுகோலின்றி வாயிலில் நிற்க நேர்கின்றது.

இது தற்செயலாக நேர்ந்ததன்று. ஐக்கிய அமெரிக்காவில் நிக்கோன் நிறுவனம் 2012 இல் அங்கீகாரம் பெறாத திருத்தகங்களுக்கு உதிரிப்பாகம் விற்பதை நிறுத்தியது; 2020 மார்ச்சு மாத இறுதியோடு அங்கு எஞ்சியிருந்த அங்கீகாரம் பெற்ற திருத்தகங்களின் ஏற்பாட்டையும் முடித்துக்கொண்டது. இப்போக்குக்கு எதிரான இயக்கங்களின் பயனாக நியூயோர்க்கில் 2022 இலும், கலிபோர்னியாவில் 2023 இலும் திருத்தும் உரிமைச் சட்டங்கள் ஒப்பமிடப்பட்டன. கலிபோர்னியச் சட்டம் 100 டொலர் அல்லது அதற்கு மேற்பட்ட இலத்திரனியற் பொருள்களுக்கு ஏழாண்டுகள்வரை பாகங்களும் கையேடுகளும் கிடைக்கவேண்டுமென விதிக்கின்றது. ஐரோப்பிய ஒன்றியம் 2024 இற் பிறப்பித்த பணிப்புரை, தான் வகுத்த பொருட்பட்டியலிற் சலவைப்பொறியையும் கைத்தொலைபேசியையும் சேர்த்தது, கமராவைச் சேர்க்கவில்லை.

திருத்திப் பயன்படுத்தல் எமக்கு அந்நியமானதன்று. 1990 களின் பொருளாதாரத் தடையின்போது பற்றரி கிடையாத யாழ்ப்பாணத்தில், சைக்கிள் டைனமோவைச் சுழற்றி வானொலி கேட்ட அனுபவம் ஒரு தலைமுறைக்கு உண்டு. ஆயின் தட்டுப்பாட்டிற் பிறந்த அத்திறன் எழுத்திற் பதியப்படாது, ஆசானிடமிருந்து மாணாக்கனுக்குக் கைவழியாகவே சென்றது. மூடிய நினைவகங்களின் முன் அக்கைவழி அறிவு மட்டும் போதாது. ஒளியியலின் அடிப்படை, அளக்கும் முறை, பழுதின் அடையாளம் ஆகியன தமிழிற் கையேடுகளாக வரவேண்டும். பல்கலைக்கழகத்தின் பௌதிகவியற் கூடமும் சந்தைத் தெருவின் திருத்தகமும் ஒன்றையொன்று அறியாதிருப்பது இரண்டுக்கும் இழப்பாகும்.

முடிவாக, விழுந்த கமராவைத் திருத்துதல் உடைந்ததை ஒட்டுதலன்று. இழந்த அளவை மீட்டலாகும். அளவு மீண்டதா என்பதைக் கருவியைப் பயன்படுத்துவோரே சோதித்தறிய வல்லவராதல் வேண்டும். ஒரு நட்சத்திர அட்டை, ஒரு சுவர், சில பத்திரிகைத் தாள்கள், ஒரு கண்ணாடி ஆகியவற்றோடு அரைமணி நேரம் அதற்குப் போதும். மீண்டும் எடுக்கவியலாத பதிவொன்றுக்குப் புறப்படுமுன் அந்த அரைமணி நேரத்தைச் செலவிடுதல், பதிவுசெய்யப்படும் கலைஞருக்கும் பின்னர் அதனைக் காணவிருக்கும் தலைமுறைக்கும் நாம் செய்யும் கடமையாகும்.